எந்தப் பட்டியலில் யார் முதலில்? அலன் டூரிங் விட்டுப்போன தேடல்

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூர் என்றொரு ரயில் சந்தி இருக்கிறது. 1881ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே ஒரு ரயில்வே பொறியியலாளரின் குடும்பத்தில் எதெல் சாரா ஸ்டோனி பிறந்தார். கணினி என்ற எண்ணத்துக்கே அடித்தளம் போட்ட அலன் டூரிங்கின் தாய் அவர். தாத்தா எட்வர்ட் வோலர் ஸ்டோனி சென்னை மாகாண ரயில்வேயின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர். துங்கபத்திரை ஆற்றின்மேல் பாலம் கட்டியவர். சத்தம் போடாத பங்காச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குக் காப்புரிமையும் எடுத்து வைத்திருந்தார்.

தந்தை ஜூலியஸ் டூரிங் இந்திய சிவில் சேவை அதிகாரி. 1896இல் அந்தச் சேவையின் இறுதிப் பரீட்சைக்காக இந்தியச் சட்டம், இந்திய வரலாறு ஆகியவற்றோடு தமிழையும் படித்துத் தேறினார். அதே ஆண்டு டிசெம்பரில் சென்னை மாகாணத்தில் பணியேற்றார். தமிழைப் படிக்க வைத்துவிட்டு அவரைப் பெரும்பாலும் கர்நூல், அனந்தபூர், பெஜவாடா என்று தெலுங்கு பேசும் இடங்களுக்குத்தான் அனுப்பினார்கள். அரச நிர்வாகம் எந்தக் காலத்திலும் அப்படித்தான் போலும்.

ஊடகக் கற்கை படித்த நாட்களில் டூரிங் என்ற பெயர் எங்களுக்கு ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் அறிமுகமானது. மறைவில் இருந்து பதில் சொல்வது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் அந்தப் பிரபலமான சோதனை. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே எழுத நினைப்பது அவர் இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிட்டுக் கடந்துபோன இன்னோர் எண்ணத்தைப் பற்றி. உயிரினங்கள் பரிணாமம் அடைவதைப் போலவே விடைகளையும் பரிணாமம் அடைய வைக்கலாம் என்ற எண்ணம் அது. இன்றைக்கு லொறிப் பாதை, பரீட்சை நேரசூசி, மின்சாரப் பங்கீடு, நிவாரணக் களஞ்சியம் எங்கே அமையவேண்டும் என்பது வரை அந்த வழியில் கணக்குப் போடுகிறார்கள். யார் பட்டியலில் முதலில் வருகிறார், யார் கடைசியில் போகிறார் என்பது தொடர்பான கணக்கு என்பதால் நமக்கு அதில் கொஞ்சம் அக்கறை இருக்கவேண்டும்.

டூரிங் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23ஆம் திகதி. அப்போது தந்தை ஒடிசாக் கரையில் உள்ள சத்ரபூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அன்று சென்னை மாகாணம்தான். விடுமுறை முடிந்து தந்தை திரும்பினார். பிள்ளைக்கு ஒன்றேகால் வயது ஆனபோது தாயும் கப்பலேறினார். இந்திய வெயில் பிள்ளைக்கு ஆகாது என்பது காரணம். அலனும் நான்கு வயது மூத்த அண்ணன் ஜோனும் இங்கிலாந்தின் தென்கரையில் ஓய்வுபெற்ற இராணுவக் கேணல் ஒருவரின் வீட்டில் விடப்பட்டார்கள். பெற்றோர் வந்து போவார்கள். சம்பளம், ஓய்வூதியம், பிள்ளைகளின் உடல்நலம், பிள்ளைகளின் அருகில் இருப்பது என்று எல்லாவற்றையும் ஒருசேரப் பெற்றுக்கொள்ள முடியாத குடும்பம். 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டிலும் சித்தி வீட்டிலும் விடப்பட்ட பிள்ளைகளோடு படித்தவள் நான். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வன்னியில் இருந்தார்கள். ஒருவர் கெட்டவர் என்பதால் எடுக்கப்படும் முடிவுகள் அல்ல இவை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் என்ற நிலையில் எடுக்கப்படும் முடிவுகள். தந்தை ஜூலியஸ் பதவி உயர்வில் பின்தள்ளப்பட்டு 1924இல் சேவையை விட்டு வந்தபோது அலனுக்கு 12 வயது.

பாடசாலையில் அவருக்குக் கிடைத்த ஒரே நெருங்கிய நண்பன் கிறிஸ்டோபர் மோர்கம். 1930 பெப்ரவரியில் காசநோயால் இறந்துபோனான். அந்த இழப்புக்குப் பிறகு மனம் என்பது உடலுக்குள் எங்கே இருக்கிறது, உடல் போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1936இல், 24 வயதில், நாடாவில் குறிகளை வாசித்து, அழித்து, எழுதும் ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்து, எதைக் கணிக்க முடியும், எதை ஒருபோதும் கணிக்க முடியாது என்று நிறுவிக் காட்டினார். கணினி விஞ்ஞானம் என்ற துறை அங்கிருந்து தொடங்குகிறது.

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியா போரில் இறங்கியது. அடுத்த நாள் அவர் பிளெட்ச்லி பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தார். ஜேர்மனிய இராணுவம் பயன்படுத்திய எனிக்மா என்ற குறியீட்டு இயந்திரத்தை உடைப்பது வேலை. ஐந்து சக்கரங்களில் மூன்றைத் தெரிந்து வரிசையாகப் போடும் வழிகள் 60. அந்த மூன்று சக்கரங்களும் நிற்கக்கூடிய நிலைகள் 17,576. முன்பலகையில் பத்துச் சோடி எழுத்துக்களை வயர்களால் இணைக்கும் வழிகள் 150 இலட்சம் கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் பெருக்கினால் 159 என்று எழுதி அதன் பின்னால் 18 பூச்சியங்கள் போடவேண்டும். சரியான விடை அதில் ஒன்றே ஒன்று. நள்ளிரவோடு அதுவும் மாறிவிடும்.

போலந்துக் கணிதவியலாளர்கள் மரியன் ரெயெவ்ஸ்கியும் அவருடைய தோழர்களும் 1932 இறுதியிலேயே எனிக்மாவின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்து, போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னர் பிரித்தானியரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்திருந்தார்கள். சினிமாக்களில் இது வருவதில்லை. அந்த அத்திவாரத்தின் மேல்தான் டூரிங் தனது பொம்ப் இயந்திரத்தை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார். அது விடையைத் தேடவில்லை, விடையாக இருக்கமுடியாதவற்றைத் தூக்கி எறிந்தது. செய்தியில் இன்ன சொல் இருக்கலாம் என்று ஊகித்து, அந்த ஊகத்தோடு முரண்படும் நிலைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனது. முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது.

இதுவரைக்கும் இது கணிதம். இயந்திரங்கள் போதாமல் போனபோது அரசியல் ஆரம்பித்தது. தரைப்படை, விமானப்படைச் செய்திகளுக்கு ஒரு குடில், கடற்படைச் செய்திகளுக்கு இன்னொரு குடில். கடற்படைக் குடிலுக்கு டூரிங் பொறுப்பு. கடற்படை எட்டுச் சக்கரங்களில் இருந்து மூன்றைத் தெரிந்தது, ஆகவே 60 வழிகள் 336 ஆயின. எந்தக் குடிலுக்கு எத்தனை இயந்திரம், எத்தனை மணி நேரம்? கடலில் வரும் கோதுமைக்கா, பாலைவனத்தில் நிற்கும் படைக்கா? 1941 ஒக்டோபர் 21ஆம் திகதி டூரிங்கும் இன்னும் மூவரும் மேலதிகாரிகளைத் தாண்டி நேரடியாகச் சேர்ச்சிலுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆள் போதவில்லை, அதனால் வாசிக்கக்கூடிய செய்திகள் வாசிக்கப்படாமல் கிடக்கின்றன என்பது சாரம். சேர்ச்சில் உடனடி முன்னுரிமை கொடுக்கச் சொன்னார்.

வாசித்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு கப்பலையும் காப்பாற்றப் போனால் தங்கள் குறியீடு உடைந்துவிட்டது என்று ஜேர்மனி கண்டுபிடித்துவிடும். மத்தியதரைக் கடலில் ஒரு விநியோகக் கப்பலைத் தாக்குவதற்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு வேவு விமானத்தை அதன் கண்ணில் படும்படி பறக்கவிட்டார்கள், விமானம்தான் கண்டுபிடித்தது என்று எதிரி நினைத்துக்கொள்ளட்டும் என்று. இரகசியத்தைக் காக்கச் சேர்ச்சில் கொவென்ட்றி நகரத்தையே எரிய விட்டார் என்று ஒரு கதை உண்டு. ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. போரை அனுபவித்தவர்கள் இப்படியான கதைகளைச் சுலபமாக நம்பிவிடுவோம், நம்புவதற்கு நமக்கு நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நடக்காததை நடந்ததாக எழுத முடியாது.

இதே வேலை கொழும்பிலும் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூர் விழப்போகிறது என்று தெரிந்ததும், அங்கிருந்த பிரித்தானியக் குறியீட்டு உடைப்பாளர்கள் 1942 ஜனவரியில் கொழும்புக்கு வந்து பெம்புரோக் என்ற பாடசாலைக் கட்டடத்தில் அமர்ந்தார்கள். ஜப்பானியக் கடற்படையின் செய்திகளை ஒட்டுக்கேட்பது அவர்கள் வேலை. மார்ச் மாத இறுதியில், ஏப்ரல் முதலாம் திகதி வாக்கில் இலங்கைமீது தாக்குதல் வரப்போகிறது என்று எச்சரித்தார்கள். அட்மிரல் சொமர்வில்லின் கப்பற்படை தென்கடலில் காத்து நின்றது. யாரும் வரவில்லை. தண்ணீரும் எரிபொருளும் குறையத் தொடங்க, கப்பல்கள் மாலைதீவின் அட்டு முருகைத் தீவுக்குப் போய்விட்டன. காத்திருப்பதா, எரிபொருள் எடுக்கப் போவதா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தெரியலாம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு மேலே வந்தன.

கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் முதுகில் இருக்கும் ஊர். அங்கொடை மனநல வைத்தியசாலைமீதும் அன்று குண்டு விழுந்தது. கடலில் டோர்செட்சயர், கோர்ன்வோல் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கி 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது, இன்னமும் அங்கேதான் கிடக்கிறது. கொழும்பை விட்டுச் சனங்கள் ஊர்களுக்கு ஓடினார்கள். இன்று கொட்டாஞ்சேனையில் ஈஸ்டர் ஞாயிறு என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் 2019 ஏப்ரல் 21ஆம் திகதியும்தான் நினைவுக்கு வரும். இரண்டு ஈஸ்டர்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. 1942இல் எச்சரிக்கையை நம்பிக் கடலில் காத்து நின்றார்கள். 2019இல் கையில் வந்த எச்சரிக்கையோடு எதுவும் செய்யவில்லை, பொறுப்பில் இருந்தவர்கள் கடமை தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாக்குதலுக்குப் பின்னர் குறியீட்டுக் குழு கென்யாவின் மொம்பாசாவுக்கு இடம்பெயர்ந்து, 1943 செப்டெம்பரில் மறுபடி கொழும்புக்கே வந்து அண்டர்சன் கோல்ப் மைதானத்தில் தளம் அமைத்தது. டூரிங் இங்கே வந்ததில்லை. அவருடைய தொழிலைச் செய்தவர்கள் வந்தார்கள்.

போர் முடிந்தபின் அவர் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் கணினி ஒன்றை வடிவமைத்தார். வேலை ஆமை வேகத்தில் நகர, சலித்துப்போய் ஓராண்டு கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1948இல் ஆய்வுகூடத்துக்கு அறிவார்ந்த இயந்திரங்கள் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். புத்திசாலித்தனம் என்பதே ஒரு வகைத் தேடல்தான் என்பது அதில் அவருடைய வாதம். தேடலில் அறிவுவழித் தேடலும் உண்டு, சமூகம் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் பண்பாட்டுத் தேடலும் உண்டு என்றார். இன்னொன்று, மரபணுக்களின் நல்ல சேர்க்கையைத் தேடும் பரிணாமத் தேடல். அங்கே எது பிழைக்கிறது என்பதே அளவுகோல். ஆய்வுகூடத்தின் பணிப்பாளர் யார் தெரியுமா? சேர் சார்ள்ஸ் கல்டன் டார்வின், பரிணாமக் கொள்கையைத் தந்த டார்வினின் சொந்தப் பேரன். அவருக்கு அறிக்கை பிடிக்கவில்லை. பாடசாலைப் பையன் எழுதிய கட்டுரை போல இருப்பதாக ஒதுக்கிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அறிக்கை அச்சேறியது 1968இல், எழுதியவர் இறந்து 14 ஆண்டுகளுக்குப் பின்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1950 ஒக்டோபரில், மைண்ட் என்ற சஞ்சிகையில் வந்த கட்டுரையின் கடைசிப் பகுதியில் அதே எண்ணம் இன்னும் தெளிவாக வருகிறது. பெரியவர் ஒருவரின் மூளையை இயந்திரமாகச் செய்வதைவிட ஒரு பிள்ளையின் மூளையைச் செய்து அதற்குப் படிப்பிப்பது நல்லது என்கிறார். அந்தப் பிள்ளை இயந்திரத்தின் அமைப்பு பரம்பரைப் பொருளுக்குச் சமம், அதில் செய்யும் மாற்றங்கள் விகாரங்களுக்குச் சமம், செய்து பார்ப்பவரின் தீர்மானம் இயற்கைத் தேர்வுக்குச் சமம். இயற்கை மெதுவானது, மனிதர் தலையிட்டால் வேகமாக நடக்கும் என்றும் நம்பினார். ஒன்றேகால் வயதில் பிறர் வீட்டில் விடப்பட்டவர் பிள்ளை இயந்திரத்தை எப்படி வளர்ப்பது என்று யோசித்ததில் நான் எதையாவது வாசித்துவிடக்கூடாது. ஆனால் வாசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இதை ஒரு முழுமையான முறையாக வளர்த்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஹோலண்ட். 1975இல் அவருடைய நூல் வந்தது. மரபணு அல்கோரிதம் என்று இன்று சொல்வது அதைத்தான். நமது ஊர் உதாரணம் ஒன்றோடு பார்ப்போம். ஐந்துலாம்புச் சந்திப் பக்கத்திலிருந்து பொதிகளோடு ஒரு லொறி வடக்கே போகிறது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, சாவகச்சேரி, பருத்தித்துறை என்று 10 இடங்களில் இறக்கவேண்டும் என்றால் போகக்கூடிய வரிசைகள் 3,628,800. ஒரு மடிக்கணினி நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிடும். 20 இடங்கள் என்றால் 24க்குப் பின்னால் 17 பூச்சியங்கள். வினாடிக்கு நூறு கோடி வரிசைகளைப் பார்க்கும் கணினிக்கும் 77 ஆண்டுகள் பிடிக்கும். பொதியில் இருப்பது மாம்பழம் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே எல்லாவற்றையும் பார்ப்பதைக் கைவிடுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூறு வரிசைகளை எழுதுகிறோம். பெரும்பாலானவை படுமோசமாக இருக்கும். இருப்பதில் பரவாயில்லை என்பவற்றை எடுத்துச் சோடி சேர்க்கிறோம். வவுனியா வரையான பகுதி நன்றாக இருக்கும் ஒரு வரிசையையும், ஆனையிறவைத் தாண்டிய பகுதி நன்றாக இருக்கும் இன்னொன்றையும் வெட்டி ஒட்டினால் பிள்ளை வரிசை பிறக்கும். இடைக்கிடை இரண்டு ஊர்களை இடம் மாற்றிப் போடுவோம், அது விகாரம். மறுபடி தரம் பார்த்து, மறுபடி சோடி சேர்த்து, சில நூறு தலைமுறைகள். மிகச் சிறந்த விடை கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நல்ல விடை கிடைக்கும், அதுவும் இன்றைக்கே கிடைக்கும்.

ஒரு சிக்கலை மட்டும் சொல்லவேண்டும். இரண்டு வரிசைகளைச் சும்மா வெட்டி ஒட்டினால் பிள்ளை வரிசையில் கிளிநொச்சி இரண்டு தடவை வரும், முல்லைத்தீவு விடுபட்டுப் போகும். லொறி அங்கே போகவே போகாது. கணக்குப் பார்த்தால் எரிபொருள் குறைந்திருக்கும், மதிப்பெண் கூடியிருக்கும்! விடுபட்டதைத் தேடிப் பிடித்து உள்ளே சேர்க்கும் படி ஒன்றை யாராவது எழுதிவைக்காவிட்டால் இயந்திரம் அதைக் கவனிக்காது. ஓர் ஊரே பட்டியலில் இருந்து காணாமல் போவதற்கு யாரும் கெட்ட எண்ணம் வைத்திருக்கத் தேவையில்லை என்பதை இவ்வளவு துப்புரவாகக் காட்டும் உதாரணத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

எனிக்மாவுக்குச் சரியான விடை ஒன்றுதான். லொறிக்கு அப்படி இல்லை. முதலாளிக்கு டீசல் குறையவேண்டும், கடைசி ஊரில் நிற்பவருக்குக் காத்திருப்பு குறையவேண்டும். இந்த இடத்தில் இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரெடோ பரேட்டோ உதவுகிறார். 1848இல் பிறந்து 1923இல் இறந்த அவருடைய அளவுகோல் எளிமையானது. எல்லா வகையிலும் உன்னைவிடக் குறையாமல், ஒரு வகையிலாவது உன்னைவிட மேலாக இன்னொரு திட்டம் இருக்கிறதென்றால் நீ வெளியே போ. அப்படி எதுவும் இல்லையென்றால் நீ நிற்கலாம். நிற்பவை ஒன்றல்ல, பல.

பலரும் இதைச் சுருக்கிவிடப் பார்க்கிறார்கள். டீசலுக்கு இத்தனை நிறை, காத்திருப்புக்கு இத்தனை நிறை என்று பெருக்கிக் கூட்டி ஒரே எண்ணாக்கி விடுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு. முதல் திட்டத்துக்கு 40 லீற்றர், கடைசி ஆள் 20 மணி நேரம் காத்திருப்பார். இரண்டாவதற்கு 60 லீற்றர், 8 மணி நேரம். மூன்றாவதற்கு 52 லீற்றர், 15 மணி நேரம். மூன்றாவதை மற்ற இரண்டும் முழுமையாக வெல்லவில்லை. ஆனால் நீங்கள் எந்த நிறைகளைப் போட்டுக் கூட்டினாலும் அந்த நடுத்திட்டம் ஒருபோதும் முதலிடத்துக்கு வராது. பேனா எடுத்துச் செய்து பாருங்கள். கூட்டல் முறை அதை மேசைக்கே கொண்டுவராது. இருந்தது என்றே யாருக்கும் தெரியவராது.

இதற்கு மாற்றாக, நிற்கும் திட்டங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வளர்க்கும் முறையைத் தந்தவர்கள் இந்தியர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் கல்யாண்மோய் டெப்பும் அவருடைய மாணவர் ஸ்ரீநிவாஸும் 1994இல் ஒரு வழியைக் காட்டினார்கள். 2002இல் அதன் திருத்திய வடிவம் வந்தது. அந்தக் கட்டுரையின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர் டி. மெய்யறிவன், பெயரே ஊரைச் சொல்லிவிடுகிறது. உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பொறியியல் கட்டுரைகளில் அது ஒன்று. யாராலும் வெல்லப்படாதவை முதல் வரிசையில், அவற்றால் மட்டும் வெல்லப்பட்டவை இரண்டாவதில் என்று அடுக்குகிறார்கள். ஒரே வரிசைக்குள் இடம் போதாவிட்டால் நெரிசலில் நிற்பவற்றைக் கழித்து, தனியாக ஒதுங்கி நிற்பதை வைத்துக்கொள்கிறார்கள். வித்தியாசமானது அழிந்துவிடக்கூடாது என்பதற்காக. கடைசியில் இயந்திரம் ஒரு விடையைத் தருவதில்லை, ஐம்பது விடைகளை நீட்டுகிறது. அதில் எதை எடுப்பது என்பதை ஒரு மனிதர்தான் சொல்லவேண்டும். சொன்னவர் யார் என்று நாம் கேட்கலாம்.

போருக்குப் பின் வடக்கு கிழக்கில் வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்தியா அறிவித்தது மட்டும் 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு. வீடு தேவைப்பட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. புள்ளி போட்டார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், பெண் தலைமை தாங்கும் குடும்பமா, அங்கவீனமுற்றவர் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி, பிறகு கூட்டல், பிறகு ஒரே எண். வன்னியில் ஒரு கிராமத்தில் நான் சந்தித்த பெண்ணின் வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். மற்ற மூவரும் 2009இல் போய்விட்டார்கள். ஆட்கள் குறைந்ததால் புள்ளி குறைந்தது. வீடு கிடைக்காததைவிட அவரை வாட்டியது அந்தக் கூட்டல். யார் அதைப் போட்டது, எந்த மேசையில் வைத்துப் போட்டது என்று அவருக்குத் தெரியவேண்டும். எனக்குச் சொல்லத் தெரிந்தது கணக்கின் பெயர் மட்டும்தான்.

டூரிங்குக்கும் ஓர் அரசாங்கம் கணக்குப் பார்த்தது. 1952 ஜனவரியில் மன்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள அவருடைய வீட்டில் களவு போனது. பொலிஸில் முறையிட்டார். விசாரணையில், அவருக்கும் ஓர் இளைஞனுக்கும் இருந்த உறவு வெளிவந்தது. ஆணும் ஆணும் உறவு கொள்வது அன்று குற்றம். மார்ச் 31ஆம் திகதி நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். சிறை, அல்லது ஆசையை அடக்க ஹோர்மோன் ஊசி என்ற இரண்டில் ஒன்று. ஊசியைத் தெரிந்தார், ஒரு வருடம். இரகசிய வேலைக்கான அனுமதி பறிக்கப்பட்டது. போரில் அவர் செய்ததை நீதிமன்றத்தில் சொல்லவும் முடியாது, அது அரச இரகசியம். அந்த நாட்களிலும் அவர் ஓயவில்லை. உயிரின் உடலில் புள்ளிகளும் வரிகளும் எப்படித் தோன்றுகின்றன என்று சமன்பாடுகள் எழுதினார், அந்தக் கட்டுரையும் 1952இலேயே வந்தது. 1954 ஜூன் 7ஆம் திகதி சயனைட் உடலில் ஏறி இறந்தார். வயது 41. தற்கொலை என்று மரண விசாரணை முடிவு செய்தது.

2009இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார், 2013 டிசெம்பர் 24ஆம் திகதி அரச மன்னிப்பு வழங்கப்பட்டது, 2021இல் 50 பவுண் தாளில் அவர் முகம் வந்தது. தாங்கள் எழுதிய சட்டத்தைத் தங்கள் நாட்டில் நீக்கிவிட்டார்கள். அவர்கள் இங்கே விட்டுப்போன 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என்ற பிரிவுகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. பாராளுமன்றம்தான் மிச்சத்தைச் செய்யவேண்டும். தமிழ் ஊடகங்களில் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதினாலே எங்கள் சனத்துக்கு இருக்கிற பிரச்சினை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிரிவுகளுக்குப் பயந்து வெள்ளவத்தை அறைகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளும் எங்கள் சனம்தான்.

போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் மரண விசாரணையின் முடிவை ஏற்கவில்லை. வீட்டில் இரசாயனப் பரிசோதனை செய்துகொண்டிருந்த மகன் கைகழுவும் விடயத்தில் எப்போதும் அலட்சியம், அது விபத்துத்தான் என்று கடைசிவரை சொன்னார். 1959இல், 77 வயதில், மகனைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். பாடசாலை அறிக்கைகள், கடிதங்கள், மகனின் விநோதப் பழக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. வழக்கைப் பற்றி அவர் எழுத விரும்பவில்லை. போரில் மகன் என்ன செய்தார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிளெட்ச்லி பார்க்கின் இரகசியம் 1974இல்தான் புத்தகமாக வெளிவரத் தொடங்கியது. தாய் 1976இல் காலமானார்.